கோடாரியை மேலிருந்து பார்த்து வாங்குங்கள்

கேள்வி: பட்டுப்போன சில மரங்களை வெட்டி, அவற்றையே விறகாகப் பிளக்க வேண்டும். கடையில் இரண்டு கோடாரிகளைப் பார்த்தேன். ஒன்று மெல்லியது, வெட்டுவாய் வளைந்திருக்கிறது. இன்னொன்று தடித்து, ஆப்பு மாதிரி இருக்கிறது. மெல்லியதே இரண்டு வேலைக்கும் போதும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

பதில்: வெட்டுவதற்குச் சரி, பிளப்பதற்குச் சரிவராது.

கோடாரியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தே பெரும்பாலும் வாங்கிவிடுகிறோம். தலையை மேலிருந்து பாருங்கள். காம்பு நுழையும் துளையிலிருந்து வெட்டுவாய் வரை தடிமன் எப்படிக் குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மரத்தை வெட்டும்போது நாரைக் குறுக்கே அறுக்கிறோம். அதற்கு அலகு ஆழமாக இறங்க வேண்டும், மெல்லியதுதான் இறங்கும். பிளக்கும்போது நார் ஓடும் திசையிலேயே அடிக்கிறோம். அங்கே அறுப்பது கொஞ்சம்தான், கட்டையை இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுவதுதான் முக்கிய வேலை. மெல்லிய கோடாரி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அதைக் காம்பைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் தலை தளர்ந்துவிடும். தடித்த கோடாரியால் நிற்கிற மரத்தை வெட்டப் போனாலோ, அது ஆழமாக இறங்காமல் துள்ளும். சறுக்கினால் காலுக்கு ஆபத்து.

மெல்லியதிலும் அலகின் பக்கங்களைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் மரத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். லேசாகப் புடைத்திருந்தால் எளிதாக வெளியே வரும். நான் முதலில் பார்ப்பது இந்தப் புடைப்பைத்தான். சாணை பிடிப்பவர் அதைத் தட்டையாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவாய் வளைந்திருப்பது நல்லதுதான். வளைவின் ஒரு பகுதி முதலில் படும், அடியின் வேகம் முழுவதும் அங்கே குவியும். நேர்க்கோடாக இருந்து, உளி மாதிரி ஒரு பக்கம் மட்டும் சாய்வு இருந்தால் அது மரத்தைச் செதுக்கிச் சதுரமாக்கும் கோடாரி. உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் மரங்கள் பட்டுப்போனவை. காய்ந்த மரமும் கணுவும் மிகக் கூரான, மெல்லிய வெட்டுவாயைச் சிதறவைக்கும். பச்சை மரத்துக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் தடித்த விளிம்பாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பட்ட மரத்தில் ஒவ்வோர் அடியின் அதிர்வுக்கும் மேலே உள்ள காய்ந்த கிளை முறிந்து விழலாம். தொடங்கும் முன் அண்ணாந்து பாருங்கள்.

எடையைப் பொறுத்தவரை, வெட்டுவதற்குத் தலை ஒன்றரை கிலோ இருந்தால் போதும். பெரிய கட்டைகளைப் பிளக்க 2.5 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தடித்ததையே வாங்குங்கள். மரத்தை ரம்பத்தால் அறுத்துவிடலாம், விறகு பிளக்க ரம்பம் உதவாது.