வாசகர் கேள்வி: தண்ணீர் சொட்டும் குளிரூட்டி

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூர் வீட்டு வளர்ச்சிக் கழக) வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடும் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, குளிரும் குறைந்துவிட்டது. பார்க்க வந்தவர், வாயு தீர்ந்துவிட்டதால் நிரப்ப வேண்டும் என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, பிடோக்

பதில்: உடனே சம்மதிக்காதீர்கள், அம்மா. குளிர்பதன வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவதால், அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முன்மூடியைத் திறந்து வடிகட்டியைப் பாருங்கள். அதில் தூசி படிந்து காற்றோட்டம் தடைபட்டால், உள்ளிருக்கும் குளிர்ச்சுருளின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கிப் பனி உறைந்து, பின்னர் உருகிச் சொட்டும், குளிரும் குறையும். வடிகட்டியைக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பனி இல்லாமலே சொட்டினால், வடிகால் குழாயில் பாசி அடைத்திருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் இது மிகச் சாதாரணம்.

இவை சரியான பிறகும் பனி உறைந்தால், வாயுவின் அழுத்தத்தை அளந்து காட்டும்படியும் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும்படியும் கேளுங்கள். எந்த வாயு என்பது வெளிப்பெட்டியின் தகட்டில் இருக்கும். ஆர்-410ஏ வாயுவில் ஓடும் இயந்திரத்தில் ஆர்-32 என்ற வேறு வாயுவை நிரப்ப ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். குளிர்ச்சுருளே கசிந்தால், இத்தனை வயதான இயந்திரத்துக்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே நல்லது என்பேன். அதைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும்.