மகள் டைட்டானியம் தாதுவில் பிராஜெக்ட் எடுக்கலாமா?

வணக்கம் அம்மா. எம்.டெக் உலோகவியல் படிக்கும் மகளுக்கு கைடு கொடுத்த தலைப்பைப் பார்த்து நீங்கள் பயந்தது புரிகிறது. ‘வெவ்வேறு வாயுச் சூழலில் இல்மனைட்டைக் கார்பனால் ஒடுக்குதல்’ (அதாவது தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தல்) என்று இருந்தால், இதற்கு யார் வேலை தருவார்கள் என்றுதான் தோன்றும். தாராளமாக எடுக்கட்டும், ஆனால் ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரைக் கருமணலில் இருக்கும் இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து கிடக்கின்றன. கரியோடு கலந்து உலையில் சூடாக்கினால் கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். இரும்பு சீக்கிரம் பிரிந்துவிடும், டைட்டானியம் லேசில் விடாது. அந்த மோனாக்சைடு உள்ளேயே தேங்கினால் வினை மந்தமாகிவிடும் என்பதால் ஏதாவது ஒரு வாயுவை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வாயு என்பதில்தான் மகளின் வேலையே இருக்கிறது. ஆர்கான் எதிலும் சேராது, மோனாக்சைடை அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஹைட்ரஜனோ தானும் இரும்பு ஆக்சைடை ஒடுக்கும், போதாததற்குக் கரியோடு சேர்ந்து கொஞ்சம் மீத்தேனாகி, கரித்துகள் தொடாத இடத்துக்கும் கார்பனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகச் சோதனைகளில் ஆர்கானைவிட ஹைட்ரஜனில் வேகம் நன்றாகவே கூடியது. நைட்ரஜன் விட்டால் கிடைக்கும் பொருளே வேறு: டைட்டானியம் நைட்ரைடு, கார்போநைட்ரைடு.

இன்டர்வியூவில் மாட்டக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வழியில் சுத்தமான டைட்டானியம் உலோகம் வராது, கார்பைடோ (டைட்டானியமும் கார்பனும் சேர்ந்தது) ஆக்சிகார்பைடோதான் (அதோடு ஆக்சிஜனும் சேர்ந்தது) வரும். உலோகம் வேண்டுமென்றால் குளோரைடாக்கி மெக்னீசியத்தால் பிரிக்கும் க்ரோல் முறை; சவறாவில் கேரள அரசு நிறுவனமான கேஎம்எம்எல்-இன் ஸ்பாஞ்ச் (நுண்துளை நிறைந்த டைட்டானியம் உலோகம்) ஆலை செய்வது அதைத்தான். பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்றால், அந்த முறையின் முதல் படியில் ரூட்டைலைக் (டைட்டானியம் டைஆக்சைடு தாது) குளோரைடாக்க 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், ஆக்சிகார்பைடுக்கு 500 டிகிரிக்குக் கீழேயே போதும். இதைத் தடுமாறாமல் சொல்கிற மாணவியை எந்தத் தேர்வுக்குழுவும் கவனிக்கும்.

சரி, வேலை? டைட்டானியத்தை மட்டும் நம்பினால் இடம் குறைவு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஹைதராபாத்தில் மிதானி (சிறப்பு உலோகக்கலவை தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம்), டிஎம்ஆர்எல் (பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வகம்), திருவனந்தபுரத்தில் என்ஐஐஎஸ்டி, ஜாம்ஷெட்பூரில் என்எம்எல் (இரண்டும் மத்திய அரசு ஆய்வகங்கள்), அப்புறம் கடற்கரைக் கனிம மணல் எடுக்கும் ஐஆர்இஎல் என்று சில பெயர்கள்தான். பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பார்க்கும் கேட் (GATE) தேர்வை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் உலைக்குள் வாயுவைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஆளுக்கு வண்டி உதிரிப்பாக ஆலைகளின் கார்புரைசிங் உலையிலும் (எஃகின் மேற்பரப்பில் கார்பனை ஏற்றிக் கடினமாக்குவது), பவுடர் மெட்டலர்ஜி சின்டரிங்கிலும் (உலோகத் தூளை அழுத்திச் சூட்டில் இறுகவைப்பது), கார்பைடு வெட்டுக்கருவித் தயாரிப்பிலும் வேலை இருக்கிறது. நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கப் பல நாட்டு எஃகு நிறுவனங்கள் முயல்கின்றன, அங்கும் இதே அறிவுதான் தேவை.

ஆகவே மகள் கைடிடம் கேட்க வேண்டியவை: குழாய் உலை 1300 டிகிரி தாங்குமா, வாயு ஓட்டத்தை அளக்கும் கருவி உண்டா, வெளியேறும் மோனாக்சைடை உடனுக்குடன் அளக்க முடியுமா, கிடைத்த பொருள் எது என்று எக்ஸ்ரே மூலம் கண்டறியும் எக்ஸ்ஆர்டி கருவி அங்கேயே இருக்கிறதா, வெளியே வரிசையில் நிற்க வேண்டுமா. முக்கியமாக, ஹைட்ரஜன் கசிந்தால் எச்சரிக்கும் கருவியும் மோனாக்சைடு அலாரமும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அவள் நேரில் பார்க்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஆய்வகம் என்றால், எவ்வளவு நல்ல தலைப்பாக இருந்தாலும் கூச்சப்படாமல் வேறு தலைப்பு கேட்கச் சொல்லுங்கள்.