கேள்வி–பதில்: பாதி கப்பல், பாதி தரை

சிங்கப்பூர், மலேசியா என்று தரையில் சில நாட்களும் கப்பலில் சில நாட்களும் சேர்த்து விற்கப்படும் பேக்கேஜ்களைப் பற்றி மட்டுமே இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருப்பதால், மிக்சி, மெத்தை பற்றிய கேள்விகள் அடுத்த முறைக்குக் காத்திருக்கட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மதுரை வாசகர்: “ஏழு இரவு, எட்டு நாள், சிங்கப்பூர், மலேசியா, நான்கு இரவு கப்பல்” என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அப்பா, அம்மாவுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எட்டு நாளில் எவ்வளவு பார்க்க முடியும்?

எட்டு நாளையும் விரல் விட்டு எண்ணிவிடுவோம். சென்னையிலிருந்து நள்ளிரவையொட்டிக் கிளம்பும் விமானத்தில், இருக்கையில் உட்கார்ந்தபடி கழியும் இரவு முதல் இரவாகக் கணக்கில் ஏறிவிடும். விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்குவீர்கள். விடுதி அறையோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால், இரண்டாம் நாள் தூக்கக் கலக்கத்திலேயே போய்விடும். மூன்றாம் நாள் ஒன்றுதான் சிங்கப்பூரை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் நாள். நான்காம் நாள் நண்பகலில் கப்பல் ஏறி, எட்டாம் நாள் காலையில் இறங்கிவிடுகிறீர்கள். நடுவில் கப்பல் இரண்டு துறைமுகங்களைத் தொடும். அந்த இரண்டு பகல்கள்தாம் நோட்டீஸில் இருக்கும் “மலேசியா”. அந்த நாட்டில் நீங்கள் ஓர் இரவுகூடத் தங்கப்போவதில்லை.

அந்த இரண்டு பகல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருப்பதால், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பழைய நகரத்தையும் அங்குள்ள லிட்டில் இந்தியாவையும் நடந்தே பார்த்துவிட்டு வரலாம். இன்னொரு துறைமுகமான போர்ட் கிள்ளானோ கோலாலம்பூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது. பேருந்தில் போவதற்கும் வருவதற்குமே இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பெற்றோர் ஆசைப்படுவார்கள் அல்லவா? 42.7 மீட்டர் உயரச் சிலையைக் கீழே நின்றே கும்பிட்டுவிடலாம். குகைக்கோ 272 படிகள் ஏற வேண்டும், அதுவும் வழிகாட்டி கொடுக்கும் முக்கால் மணி நேரத்துக்குள். முழங்கால் வலி உள்ளவர்களிடம் இதை இங்கேயே சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாட்கள் வரை விசா கேட்பதில்லை. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கப்பலில் போய்த் திரும்பி இறங்குவது இரண்டாம் நுழைவு என்பதால், ஒருமுறை நுழைவு விசா உங்களுக்குப் போதாது. சிங்கப்பூரின் வருகை அட்டையையும் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருக்கும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசினுடையது அன்று.

திண்டுக்கல் வாசகி: குழந்தைக்குக் கஞ்சி வைக்கச் சிறிய ரைஸ் குக்கரைக் கப்பலில் கொண்டு போகலாமா?

கூடாது, குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கஞ்சியைச் சமையல்காரரிடம் கேட்டால் வைத்துக் கொடுப்பார்.

ஈரோடு வாசகர்: நால்வருக்கும் “எல்லாம் உட்பட” என்று சொல்லி முழுப் பணமும் வாங்கிவிட்டார்கள். இப்போது டிப்ஸ் தனி என்கிறார்கள். டிப்ஸ் என்பது நாமாக மனமுவந்து கொடுப்பதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். நம் ஊர் ஓட்டலில் பில் தட்டில் விட்டுவரும் பத்து ரூபாய்க்கு டிப்ஸ் என்று பெயர். கப்பல் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று, பொதுவாக 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை, தாமே கணக்கில் ஏற்றிக்கொள்கின்றன. தனிக் கட்டில் இல்லாமல் தாயோடு படுத்துறங்கும் பிள்ளைக்கும் பல கப்பல்களில் இது உண்டு. 18 டாலர், நான்கு இரவு என்று வைத்துக்கொண்டால், உங்கள் நால்வருக்கு 288 டாலர், அதாவது 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு பொருளுக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று விற்பவருக்கு முன்கூட்டியே தெரியுமானால் அது விலை. அதை விலையிலிருந்து பிரித்து, வேறு பெயர் சூட்டி, ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு வாங்குவது தந்திரம். துறைமுகக் கட்டணத்தைத் தனியாக்கி, வரியைத் தனியாக்கி, டிப்ஸையும் தனியாக்கிவிட்டால் நோட்டீஸில் போடுவதற்கு ஓர் அழகான சின்னத் தொகை மிஞ்சுகிறது. அந்தத் தொகைக்கு இந்தப் பூமியில் எவரும் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. “உட்பட” என்று வாயால் சொல்பவரிடம், எவையெவை உட்பட, எவையெவை உட்படாது என்று இரண்டு பத்தியாக எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நானும் யோக்கியமாக ஏமாந்தவன்தான். என் முதல் பயணத்தில், எத்தனை கோப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற பானப் பேக்கேஜை வாங்கினேன். ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அதை வாங்கியாக வேண்டும் என்ற விதியை, பணம் கட்டும் இடத்தில்தான் சொன்னார்கள். சீரகத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடாத என் மனைவிக்கும் சேர்த்துக் கட்டினேன். சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீரும் காப்பியும் தேநீரும் இலவசமாகவே கிடைத்தன என்பதை இன்றுவரை அவர் நினைவூட்டி வருகிறார். போதாக்குறைக்கு, நடுக்கடலில் என் கைப்பேசி கப்பலின் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு பில்லைக் கொண்டுவந்தது. ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

உங்களிடம் “எல்லாம் உட்பட” என்பது ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் இருந்தால், டிப்ஸ் தொகையை ஏஜென்ட் ஏற்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், வருத்தப்படுகிறேன்.

ஈரோட்டிலிருந்தே இன்னொருவர்: டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். இதுவும் ஏமாற்றா?

ஏமாற்று அன்று, விற்பவர் உங்களிடம் வசூலித்து உங்கள் பான் எண்ணில் கட்டும் வருமான வரி முன்பணம் அது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வருமான வரித் துறையில் உங்கள் பெயரிலுள்ள வரி விவர அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளுங்கள். ஏறவில்லை என்றால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

கோவை வாசகர்: கப்பல் மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது. எங்கள் விமானம் அன்று பகல் 1.20க்குச் சிங்கப்பூரில் இறங்கும். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை எடுத்துவிட்டோம். நேரம் போதுமா?

போதாது. கப்பல் 4 மணிக்குக் கிளம்பினால், ஏறுவதற்கான வாசல் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பே அடைபட்டுவிடும். நீங்கள் விமானத்தைவிட்டு இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியைப் பொறுக்கி, நகரின் தென்கரையில் இருக்கும் முனையத்துக்கு வந்து, மறுபடியும் ஒரு பாதுகாப்பு வரிசையில் நிற்க வேண்டும். விமானம் அரை மணி நேரம் தாமதித்தால் கப்பலின் பின்புறத்தைத்தான் பார்ப்பீர்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் எழுதியிருந்தால் ஓர் அஞ்சலட்டையில் பதில் சொல்லியிருப்பேன். எடுத்துவிட்டு எழுதுகிறவர்களுக்கு எதைச் சொல்லித் தேற்றுவது? முந்தைய நாளே போய்ச் சேரும்படி டிக்கெட்டை மாற்றுங்கள். அந்த நட்டம், உங்கள் எல்லோருடைய கப்பல் கட்டணத்தைவிடச் சிறியது.

தஞ்சாவூர் வாசகி: எங்கள் இருபத்தைந்தாம் திருமண நாளுக்காகச் சேமித்த பணத்தில் பால்கனி கேபினுக்குக் கட்டினோம். கிடைத்தது சன்னலே இல்லாத உள் கேபின். கேட்டதற்கு, “இடம் இருந்தால்தான் தருவோம் என்று விதிமுறையில் இருக்கிறது” என்கிறார் ஏஜென்ட். அவருடைய வாட்ஸ்அப் செய்தியில் “பால்கனி உறுதி” என்று இருக்கிறது.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. “உறுதி” என்று எழுதியவர், பொடி எழுத்து விதிமுறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, கேபின் எண் தெரியும் ஏறும் சீட்டு, அறையின் படம் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். இரண்டு கேபின்களுக்கும் இடையிலான கட்டண வித்தியாசத்தையும் இழப்பீட்டையும் கேட்டு, 15 நாள் கெடு வைத்துப் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்துகொள்ளுங்கள். பணியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சன்னல் இல்லை. எனக்கு ஒருமுறை சன்னல் இருந்தது. “கடல் பார்வை, பகுதி மறைப்பு” என்று சற்று மலிவாகக் கிடைத்த கேபின் அது. திரையை விலக்கியபோது, கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகின் வயிறு தெரிந்தது. அதற்கு மேலே ஒரு சாண் வானம். கேபின் எண்ணைப் பணம் கட்டும் முன்பே வாங்கி, கப்பலின் தள வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் எனக்கு அதன் பிறகுதான் வந்தது.

சேலம் வாசகர்: வானிலையைக் காரணம் சொல்லி ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டார்கள். நாள் கணக்கில் பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணமும், கப்பல் மூலம் பதிந்த ஊர்சுற்றும் கட்டணமும் மட்டுமே திரும்பும், ஏனெனில் வழியை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. வானிலை மட்டுமே காரணம் ஆவதுமில்லை: 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடல் வரை வந்தும், அரசு அனுமதி இல்லாததால் பயணிகளை இறக்க முடியாமல் போயிற்று. ஒரே ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால், அந்த ஊருக்கு விமானத்தில் போய்விடுங்கள்.

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்: கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோருடன் வான்கூவரில் கப்பல் ஏறி, அலாஸ்காவில் இறங்கி, ரயிலில் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகும் பயணத்தைப் பதிந்திருக்கிறேன். எனக்கு எச்–1பி வேலை விசா, அவர்களுக்கு அமெரிக்கச் சுற்றுலா விசா. வேறு என்ன வேண்டும்?

கனடா விசா வேண்டும், மூவருக்கும். அமெரிக்க விசாவோ எச்–1பியோ இந்தியக் கடவுச்சீட்டுக்காரரைக் கனடாவுக்குள் விடாது. அமெரிக்க நிரந்தரக் குடியுரிமை அட்டை (கிரீன் கார்டு) இருந்தால் மட்டுமே விலக்கு. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பலுக்கு மாறினாலும் தப்பிக்க முடியாது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களைக் கட்டுப்படுத்தும் 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றினால், அவையும் வழியில் விக்டோரியா போன்ற ஒரு கனடியத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். விசா இல்லாதவரைக் கப்பல் ஏற்றாது, பணமும் தராது. பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழைவதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைப் பகுதியில், ஆங்கரேஜிலிருந்து டெனாலிக்கு ரயில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடும். 6,190 மீட்டர் உயர மலை, மேகத்துக்குள் மறைந்தே இருப்பது வழக்கம். அங்கே போகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் சிகரத்தைப் பார்க்கிறார் என்பார்கள். பூங்காவின் ஒரே சாலையை 45ஆவது மைல் அருகே நிலச்சரிவு 2021 ஆகஸ்டில் துண்டித்தது. பேருந்து அதற்கு அப்பாலும் போகும் என்று யாராவது விற்றால், அது நீங்கள் போகும் தேதிக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: கப்பல் காலை 7 மணிக்குச் சிங்கப்பூர் திரும்புகிறது. எங்கள் விமானம் இரவு 11 மணிக்கு. மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். நடுவில் என்ன செய்வோம் என்று ஏஜென்ட் சொல்லவில்லை.

நல்ல கேள்வி கேட்டீர்கள். கப்பலும் தரையும் சேர்ந்த பயணத்தில் கப்பல் கெடுப்பது குறைவு, தரை கெடுப்பதும் குறைவு. இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் பிய்ந்துபோகும். கப்பல்காரரின் பொறுப்பு இறங்கும் பாலத்தோடு முடிகிறது. தரைக்காரரின் வேன் எப்போது வருமோ அப்போதுதான் அவருடைய பொறுப்பு தொடங்குகிறது. நடுவிலுள்ள நேரத்துக்கு யார் பொறுப்பு, வேன் எத்தனை மணிக்கு, பெட்டிகளை எங்கே வைப்பது, மதியச் சாப்பாடு யார் கணக்கில், மாமியார் காலை நீட்டிப் படுக்கப் பகல் நேர அறை உண்டா என்ற ஐந்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெட்டிகளைப் பற்றி ஒன்று. கடைசி இரவு 11 மணிக்குள் பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள்; மறுநாள் காலை அவற்றை முனையத்தில்தான் பார்ப்பீர்கள். நான் மிகச் சுறுசுறுப்பாக எல்லாத் துணிகளையும் மடித்து உள்ளே வைத்து, பெட்டியைப் பூட்டி வெளியே தள்ளிவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது என்னிடம் மிஞ்சியிருந்தவை, கட்டியிருந்த கட்டம் போட்ட லுங்கியும் ஒரு பனியனும். மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு குடிநுழைவு வரிசையில் நின்றேன். அதிகாரி கடவுச்சீட்டிலுள்ள கோட்டு சூட்டுப் படத்தையும் என்னையும் மூன்று முறை மாறி மாறிப் பார்த்தார். மருந்து, கடவுச்சீட்டு, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

விருதுநகர் வாசகர்: கப்பலில் ஓர் இரவு விருந்துக்கு “ஃபார்மல்” உடை என்கிறார்கள். எனக்குக் கோட்டு தைக்க வேண்டுமா?

வேண்டாம், பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தாராளமாகப் போதும், ஆனால் மறுநாளுக்கு ஒரு கால்சட்டையை வெளியே எடுத்து வையுங்கள்.