அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலையில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். பிளாஸ்டிக் லைட்டர் வந்து ஆர்டர் போய்விட்டது, அடுத்த மாதம் மூடுகிறேன் என்கிறார் முதலாளி. வெளிநாட்டுச் சரக்கால் வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு பணம் தருகிறதாம். 3,000 ரூபாய் கொடுத்தால் எழுதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆபீஸிலும் ஏதோ கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாதச் சம்பளம் 12,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 3,000 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இறக்குமதியால் வேலை போனவர்களுக்கென்று நம் நாட்டில் தனித் திட்டம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஒன்று இருந்தது. அங்கேயும் 2022 ஜூலையோடு புது விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டார்கள். இங்கே அரசு செய்தது சரக்கைத் தடுத்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டருக்கு 2023 ஜூனில் தடை, மறு ஆண்டு உதிரிபாகங்களுக்கும் தடை. முதலாளிக்கு அது கொஞ்சம் மூச்சுவிட உதவியிருக்கலாம். குச்சி அடுக்கிய கைக்கு அதில் பைசா வராது. இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

ஆனால் உங்களுக்கு வர வேண்டிய பணம் வேறு வழியில் இருக்கிறது. உங்கள் வேலை லைட்டரால் போனதா, வேறு எதனால் போனதா என்று எந்த அலுவலகமும் கேட்காது. ஆலை மூடியதால் போனதா, நீங்களாக விலகினீர்களா என்று மட்டும் கேட்பார்கள். ஆபீஸில் நீட்டும் கடிதம் அதற்குத்தான். ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று ஒரு வரி அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் பி.எஃப். சீக்கிரம் வரும் என்பார்கள். பி.எஃப். உங்கள் பணம், அது எப்படியும் வரும். அந்த ஒரு வரியால் போவது மூடல் இழப்பீடும் இ.எஸ்.ஐ. உதவியும். ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளை நீட்டினால் அதைவிட மோசம். மேலே என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இழப்பீடு என்றால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். உங்களுக்கு 12 ஆண்டுக்கு ஆறு மாதச் சம்பளம், சுமார் 72,000 ரூபாய். கிராஜுவிட்டி தனி, அது ஏறக்குறைய 83,000 வரும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் முதலாளி அதைத்தான் எடுத்து வீசுவார். தன் கட்டுப்பாட்டை மீறிய, தவிர்க்க முடியாத சூழ்நிலையில் ஆலையை மூடினால் இழப்பீடு மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. ‘சீனாக்காரன் லைட்டர் விற்றால் நான் என்ன செய்வேன், என் கையிலா இருக்கிறது?’ என்று கேட்டு 36,000-ஐ நீட்டுவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், பண நெருக்கடி, நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு ஆகியவற்றை மட்டும் காட்டி ‘தவிர்க்க முடியாத சூழ்நிலை’ என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறது. லைட்டர் வந்ததால் குடோனில் பண்டல் பண்டலாகத் தீப்பெட்டி தேங்கியது என்றால், அது தேங்கிய சரக்குதான். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, இனி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து இ.எஸ்.ஐ. ஆலை மூடி வேலை இழந்தவர்களுக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்று 2005-லிருந்து இருக்கிறது. பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அதிகபட்சம் 24 மாதம் வரை உதவித்தொகை, அதுவரை குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ.-யிலேயே அடல் பெயரில் (அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா) இன்னொன்று உண்டு. அது 90 நாளுக்குத்தான், சம்பளத்தில் பாதி, வாழ்நாளில் ஒரே முறை. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. புரோக்கர் பெரும்பாலும் சுலபமாக முடிகிற சின்னதைப் போட்டுக் கொடுத்துவிட்டு கமிஷனோடு நடையைக் கட்டுவார். கிளை அலுவலகத்தில் நீங்களே போய், ‘ஆலை மூடியதற்கான உதவித்தொகை’ என்று கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று முறை அலைந்தார். மூடல் நோட்டீஸ் கையில் இருந்தது. ஆனால் ஆலையின் கணக்கர் கடைசி மாத இ.எஸ்.ஐ. பதிவில் காரணம் கேட்கிற இடத்தில் ‘லெஃப்ட் சர்வீஸ்’, அதாவது வேலையை விட்டுப் போய்விட்டார் என்று தட்டிவிட்டிருந்தார். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம் என்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் நோட்டீஸைக் காட்டி என்ன பயன்? கடைசியில் ஆலையிலிருந்தே திருத்திக் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. ஆலை பூட்டி ஆள் கிளம்பிவிட்டால் யார் திருத்துவது?

அதனால் கணக்கர் இருக்கும்போதே போய், என்ன காரணம் பதிகிறார் என்று கேளுங்கள். மூடல் நோட்டீஸ், சம்பள ரசீது, இ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் நகல் எடுங்கள். மூடிய இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் வர வேண்டும். வராவிட்டாலோ, 36,000-தான் என்றாலோ, தூத்துக்குடி தொழிலாளர் துறைக்குப் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.