லாஜிக்கல் வால்யூமைப் பெரிதாக்கிய பின்னும் டிஎஃப் பழைய அளவையே காட்டுவது ஏன்?

லினக்ஸ் சர்வரில் எல்விஎம் (பல வட்டுகளின் இடத்தைச் சேர்த்து, லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் அமைப்பு) பயன்படுத்தும் நீங்கள், புதிதாக 100 ஜிபி வட்டு ஒன்றைச் சேர்த்து, வால்யூமைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டென்ட் கட்டளையையும் பிழையின்றி முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் புதிய அளவைக் காட்டுகிறது, கோப்புகளுக்கான இடத்தைச் சொல்லும் டிஎஃப் மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. எதுவும் கெட்டுவிடவில்லை. இரண்டு கட்டளைகளும் வெவ்வேறு அடுக்குகளைப் பார்த்துப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான்.

வட்டை எல்விஎம்முக்குத் தயார்செய்யும் பிவிகிரியேட் கட்டளை கொடுத்தவுடன், வட்டின் தொடக்கத்தில் எல்விஎம் தனக்கான குறிப்புகளை எழுதிக்கொள்கிறது. மீதி இடம், வட்டுகளின் பொதுத் தொகுப்பான வால்யூம் குரூப்பில் சேரும்போது, வேறு அளவு சொல்லாவிட்டால் 4 எம்பி கொண்ட எக்ஸ்டென்ட் எனும் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. லாஜிக்கல் வால்யூம் என்பது இந்த எக்ஸ்டென்ட்களில் எவையெவை எந்த வரிசையில் தனக்குரியவை என்ற ஒரு பட்டியல் மட்டுமே. கெர்னலில் உள்ள டிவைஸ் மேப்பர் அந்தப் பட்டியலின்படி ஒவ்வொரு வாசிப்பையும் எழுத்தையும் உரிய வட்டுக்கு அனுப்புவதால்தான், இரண்டு வட்டுகளில் சிதறிக் கிடக்கும் இடம் மேலே ஒரே சாதனமாகத் தெரிகிறது. ஆனால் அதன்மேல் அமர்ந்து கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை, தான் உருவான அன்று தன் அளவை சூப்பர்பிளாக் எனும் தன் விவரப் பகுதியில் எழுதி வைத்துவிட்டது. கீழே இடம் கூடியதை அது தானாக அறியாது. டிஎஃப் கேட்பது அந்தக் கோப்பு முறைமையைத்தான்.

ஆகவே கோப்பு முறைமையையும் பெரிதாக்க வேண்டும்: அது இஎக்ஸ்டி4 வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கொடுங்கள். மவுண்ட் ஆகி (இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில்) இருக்கும் நிலையிலேயே இரண்டும் வேலை செய்யும். அடுத்த முறை எல்விஎக்ஸ்டென்ட்டுடன் சிற்றெழுத்து ஆர் விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

"100 ஜிபி கேட்டேன், ஒரே ஒரு எக்ஸ்டென்ட் போதவில்லை என்றது" என்றும் எழுதியிருந்தீர்கள். 1,024-இன் மடங்காகக் கணக்கிட்ட 100 ஜிபிக்கு 25,600 எக்ஸ்டென்ட்கள் தேவை. வட்டின் முதல் 1 எம்பி குறிப்புகளுக்குப் போய்விடுவதால், மிஞ்சுவதில் முழுதாக வெட்ட முடிந்தவை 25,599 மட்டுமே. பேரெழுத்து எல் விருப்பத்தில் ஜிபி கணக்குச் சொல்வதற்குப் பதிலாக, சிற்றெழுத்து எல் விருப்பத்தில் மீதியுள்ள இடத்தில் நூறு விழுக்காடு என்று கேட்டால் இந்தத் தகராறு வராது.

ஆனால் நான் அப்படி முழுவதையும் கேட்பதில்லை. ஒருமுறை வால்யூம் குரூப்பில் இருந்த இடம் அனைத்தையும் பயனர் கோப்புகளுக்கான எக்ஸ்எஃப்எஸ் வால்யூமுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டேன். சில மாதங்களில் லாக் கோப்புகள் இருந்த வால்யூம் நிரம்பியபோது, பக்கத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்த வால்யூமிலிருந்து ஒரு ஜிபிகூட எடுக்க வழியில்லை. எக்ஸ்எஃப்எஸ் வளரும், நடைமுறையில் அதைச் சுருக்க முடியாது. எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து, வால்யூமை அழித்து, சிறியதாக மறுபடி உருவாக்க ஓர் இரவு முழுவதும் போயிற்று. இஎக்ஸ்டி4-ஐச் சுருக்கலாம் என்றாலும், அன்மவுண்ட் செய்து, முதலில் கோப்பு முறைமையையும் பிறகே வால்யூமையும் குறைக்க வேண்டும். வரிசை மாறினால் கோப்பு முறைமையின் வால்பகுதி அறுந்துபோகும். அதனால் இப்போதெல்லாம் விஜிஎஸ் கட்டளை காட்டும், வால்யூம் குரூப்பின் காலி இடத்தில் ஒரு பகுதியை யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறேன். ஸ்னாப்ஷாட் (வால்யூமின் அந்நேர நிலைப் பதிவு) எடுக்கவும் அந்த இடம்தான் உதவுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: இப்போது உங்கள் வால்யூம் இரண்டு வட்டுகளில் நீள்கிறது. எல்விஎம் வெறுமனே இடத்தைக் கோப்பதால் பாதுகாப்பு கூடவில்லை. இரண்டில் எது பழுதானாலும் அந்தக் கோப்பு முறைமை முழுவதும் ஆபத்தில் இருக்கும். ரெய்டு (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளில் வைக்கும் முறை) அமைக்க வசதி இல்லையென்றால், பழையதையும் புதியதையும் சேர்த்த அளவுக்கு ஒரே பெரிய வட்டைக் குரூப்பில் சேர்த்து, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிவிமூவ் மூலம் எக்ஸ்டென்ட்களை அதற்கு நகர்த்தி, காலியான வட்டுகளை விஜிரெடியூஸ் கொண்டு விலக்கிவிடலாம். நேரம் பிடிக்கும் வேலை. பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.