போவதைப் போலவே திரும்புவதையும் யோசியுங்கள்

அன்புள்ள அக்கா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, இப்போது காரைக்குடியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஆன்லைனில் மூன்று மாதம் ஆர்ட் தெரபி (ஓவியம் வழியாகச் செய்யும் மனச் சிகிச்சை) படித்துச் சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் தங்கி, ஆர்ட் தெரபிஸ்டாகத் தன்னார்வப் பணி செய்யலாம் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. சம்பளம் கிடையாது, நாம்தான் பணம் கட்ட வேண்டும். "வயசானவங்களைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம ஊர்ல ஆச்சி தனியா இருக்கிற வீடு எத்தனை இருக்கு" என்கிறார் அப்பா. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

போகலாம். ஆனால் இந்த ஏஜென்சி வழியாக வேண்டாம். அந்தப் பெயரிலும் வேண்டாம்.

பிரிட்டனில் மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்தும் ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவேட்டில் இருப்பவர்கள்தான் சட்டப்படி தங்களை ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். அதற்கு முதுகலை அளவில் படிக்க வேண்டும். மேற்பார்வையில் நோயாளிகளோடு பழக வேண்டும். படிக்கிற காலத்தில் தானும் ஒரு சிகிச்சையாளரிடம் போய் உட்கார வேண்டும். மூன்று மாதச் சான்றிதழை வைத்து உங்களை அந்தப் பெயரில் அனுப்புகிறேன் என்பவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். எப்படியானாலும் பணம் கட்டாதீர்கள்.

விசாவையும் பாருங்கள். விசிட்டர் விசாவில் போனால், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். ஆறு மாதம் என்றால் சாரிட்டி ஒர்க்கர் விசா வேண்டும். அது 12 மாதம் வரை கிடைக்கும், ஆனால் உரிமம் பெற்ற தொண்டு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். லாபத்துக்கு நடக்கும் இல்லம் இந்த விசாவுக்கு ஸ்பான்சர் ஆக முடியாது. உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அந்த நாட்டு அரசு இணையத்தில் வைத்திருக்கிறது. ஏஜென்சி சொன்ன பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள்.

பட்டம் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942இல் கொண்டுவந்த ஏட்ரியன் ஹில் ஓர் ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் இருந்தபோது முதலில் தனக்காக வரைந்தார், அப்புறம் கூட இருந்த நோயாளிகளையும் வரையவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து வரைகிற ஓவியராக நீங்களும் போகலாம். அதற்கும் பழக்கம் வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் ஓர் இல்லத்தில் ஞாபகம் தப்பிய ஓர் ஆச்சியைப் பார்த்தேன். வந்திருந்த பிள்ளைகள் குழந்தைகளுக்கான கலரிங் புத்தகத்தை நீட்டினார்கள். ஆச்சி அதை மூடி மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். அங்கே வேலை பார்க்கும் அம்மா சாயம் போட்ட பனையோலைகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தார். ஆச்சி நான்கை உருவினார். கட்டைவிரலால் ஒன்றை அழுத்திக்கொண்டு மற்றதை அடியில் நுழைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டானின், அதாவது ஓலைக்கூடையின், அடி வந்துவிட்டது. மகன் பெயர் சொல்லத் தெரியாதவர், நுனி பிளந்திருந்த ஓலையை "இது ஆகாது" என்று தள்ளிவைத்தார்.

பெயரும் தேதியும் போன பிறகும் கை பழகிய வேலை பலருக்கு நெடுநாள் நிற்கும். இங்கிலாந்தில் ஓலை இருக்காது. கம்பளி பின்னியவர் இருப்பார், தச்சு வேலை பார்த்தவர் இருப்பார். முதலில் அதை விசாரியுங்கள், வண்ணத்தைப் பிறகு எடுக்கலாம். எடுக்கும்போது பிரஷ் கழுவும் தண்ணீரை டம்ளரில் வைக்காதீர்கள், டீ என்று குடித்துவிடுவார்கள். வெள்ளை மேசையில் வெள்ளைத்தாள் பார்வை மங்கியவர்களுக்குத் தெரியாது, அடியில் அடர்ந்த நிறத் துணி விரியுங்கள். அவர்கள் வரைந்ததைத் திருத்தவே கூடாது. அது அவர்களுடைய படம், உங்கள் ஃபேஸ்புக்கில் போடுவதற்கு இல்லை.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் ஆறாவது மாதத்தைப் பற்றித்தான். வீட்டையும், கூட வாழ்ந்தவரையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் திடீரென்று காணாமல் போனால் அதுவும் ஓர் இழப்புதான். அந்தக் காலத்தில் நகரத்தார் பர்மாவில் நடத்திய வட்டிக்கடைகளுக்கு நம் பக்கத்திலிருந்து போன ஏஜெண்டுகள், தவணை முடிந்ததும் அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். நீங்களும் ஒப்படைக்க வேண்டும். எந்த மாதம் கிளம்புவீர்கள் என்று முதல் வாரமே சொல்லுங்கள், அடிக்கடி நினைவுபடுத்துங்கள். இல்லத்து ஊழியர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே கூட உட்காரவைத்து, கடைசி மாதம் அவரே நடத்தட்டும். அதற்கு இல்லம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் நம் பக்கத்து இல்லம் ஒன்றுக்கு ஒரு வருடம் போய்வாருங்கள், ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு. அப்புறம் தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லங்களுக்கு நேரடியாக எழுதுங்கள். என்னை மேற்பார்வை செய்பவர் யார், வரையும்போது ஒருவர் அழுதால் நான் யாரிடம் சொல்வது என்ற இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா