எருமை வேட்டை ரைபிளுக்கு எந்த ஸ்கோப்?

கேள்வி: கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டைக்கு .375 எச் அண்ட் எச் என்ற கனமான தோட்டா சுடும் ரைபிள் வைத்திருக்கிறேன். அதில் மாட்டியுள்ள 4-12×50 ஸ்கோப் (4 முதல் 12 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன்லென்ஸ் கொண்ட குறிபார்க்கும் தொலைநோக்கி) சுடும்போது புருவத்தில் இடிக்கிறது, ஸீரோவும் (குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாக இருக்கும் அமைப்பு) நிற்கவில்லை. எதை மாற்றலாம்?
- வாசகர், டர்பன்

பதில்: முதலில் அந்த ஸ்கோப்பைக் கழற்றுங்கள். எருமையைப் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுடுகிறார்கள். 1-4 அல்லது 1.5-5 மடங்கு போதும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கண் இடைவெளி, அதாவது முழுக் காட்சியும் தெரிய ஸ்கோப்பின் பின்லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே வேண்டிய தூரம். 9 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம், 10 இருந்தால் நல்லது. பல ஸ்கோப்புகளில் உருப்பெருக்கம் கூடக் கூட இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே உச்ச அளவில் வைத்துப் பாருங்கள். குப்புறப் படுத்துச் சுட்டால் முகம் இன்னும் முன்னே போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸீரோ நகர்வதற்கு ஸ்கோப்பின் எடையும் காரணமாகலாம். ரைபிள் பின்னால் பாயும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். எடை கூடினால் அதைப் பிடித்திருக்கும் வளையத்துக்குள் முன்னோக்கி வழுக்கும், வளையங்களை ரைபிளோடு இணைக்கும் அடித்தட்டின் திருகையே வெட்டிவிடவும் செய்யும். 24 மில்லிமீட்டர் முன்லென்ஸ் உள்ள இலகுவான ஸ்கோப் எடுங்கள். வளையங்களின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு போக்குங்கள். அடித்தட்டுப் பள்ளத்தில் வளையத்தை முன்பக்கம் தள்ளி, பள்ளத்தின் முன்விளிம்பில் முட்டவைத்தபின் முடுக்குங்கள். வளையத்தின் மேல் திருகுகளுக்கு டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும். மிஞ்சினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். வளைய ஓரத்தையொட்டி அந்தக் குழாயில் பென்சில் கோடு போடுங்கள். 10 குண்டுகளுக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் பிடிமானம் போதவில்லை. அடித்தட்டுத் திருகுகள் 6-48 அளவாக இருந்தால், துப்பாக்கிக் கம்மியரிடம் அதைவிடத் தடிமனான 8-40க்கு மாற்றிக்கொள்வது இந்த ரைபிளுக்குச் செலவுக்குத் தகுந்த வேலை.